ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஆங்கில ஆசிரியராகத் தேவையான தகுதிகள்: முழுமையான வழிகாட்டி

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தச் சான்றிதழ் படிப்பில் சேர வேண்டும் என்பதைத்தான். அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படைக் கருத்து. முதலாவது கேள்வி, அந்த நாட்டில் ஊதியம் பெற்று வேலை செய்யும் உரிமை உங்களுக்கு எந்த வழியில் கிடைக்கும் என்பது. இரண்டாவது, உங்கள் பட்டத்தையும் பெயரையும் அந்த நாட்டு அலுவலகம் ஏற்கும் வடிவில் ஆவணமாக்க முடியுமா என்பது. இவ்விரண்டையும் தீர்க்காமல் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்கள், கையில் நல்ல தகுதி இருந்தும் விசா வழி இல்லாமல் நின்றுவிடுகிறார்கள். ஆகவே அந்த வரிசையிலேயே இங்கு படிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஸ்பெயினை விரிவாகவும், மெக்சிகோ, கொலம்பியா, சிலி ஆகியவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் கடவுச்சீட்டுக்கு உரிய வழியைக் கண்டறியுங்கள்

ஸ்பெயினில் ஆங்கிலம் கற்பிக்க ஒரே தகுதிப் பட்டியல் கிடையாது. ஒரே பட்டமும் ஒரே சான்றிதழும் கொண்ட இருவரில், ஒருவர் அயர்லாந்துக் குடியுரிமை உடையவராகவும் மற்றவர் இந்தியக் குடியுரிமை உடையவராகவும் இருந்தால், அவர்கள் செல்ல வேண்டிய பாதைகள் முற்றிலும் வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடியுரிமை பெற்ற தமிழர்கள், அதாவது பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து, அயர்லாந்து போன்ற நாடுகளில் வேரூன்றிய குடும்பங்களின் பிள்ளைகள், வேலை அனுமதி இல்லாமலே ஸ்பெயினில் பணியாற்றலாம். ஒன்றியக் குடிமக்களின் வாழ்க்கைத் துணைவர்களுக்கும் உரிய குடும்ப அட்டை பெற்றபின் அந்த உரிமை உண்டு. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த உரிமை 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அதற்கு முன் சென்றவர்களின் அனுபவத்தைக் கேட்டு இன்று திட்டமிடுவது பயன் தராது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுடன் ஸ்பெயினுக்கு இளையோர் பரிமாற்ற உடன்பாடுகள் உள்ளன. வயது வரம்புக்குள் இருப்பவர்கள் முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு இவ்வளவு எளிய வழி இல்லை. ஒரு மொழிப் பயிற்சி நிலையம் உங்களை வேலைக்கு எடுக்க விரும்பினாலும், அந்த இடத்தை உள்நாட்டிலோ ஒன்றியத்திலோ உள்ளவர்களைக் கொண்டு நிரப்ப இயலவில்லை என்பதை வேலை அளிப்பவர் பொதுவாக நிறுவ வேண்டும். ஆங்கில ஆசிரியர் பணிக்கு இதை நிறுவுவது கடினம். சிறிய நிலையங்கள் அந்த முயற்சியில் இறங்குவதில்லை. எனவே நேரடி வேலை விசாவை நம்பித் திட்டமிடாமல், பின்வரும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்வது நடைமுறைக்கு உகந்தது.

ஒன்று, ஸ்பெயின் கல்வி அமைச்சகம் நடத்தும் உரையாடல் உதவியாளர் திட்டம். ஸ்பானியத்தில் இதில் சேர்பவர்களை ஆக்சிலியார் தெ கொன்வெர்சாசியோன் என்கிறார்கள். பள்ளியில் வகுப்பாசிரியருக்குத் துணையாக இருந்து, மாணவர்களைப் பேசவைப்பதே பணி. பிராந்தியத்தைப் பொறுத்து வாரத்துக்கு 12 முதல் 16 மணி நேரம் வேலையும், மாதத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 1,000 யூரோ உதவித்தொகையும், மருத்துவக் காப்பீடும் உண்டு. பணிக்காலம் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி மே இறுதி வரை நீடிக்கும். ஆங்கிலத்தில் தாய்மொழிக்கு நிகரான திறனும், பட்டமோ பட்டப்படிப்பில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருப்பதும் அடிப்படைத் தகுதிகள். கற்பித்தல் சான்றிதழ் கட்டாயமில்லை. எந்தெந்த நாட்டவர் விண்ணப்பிக்கலாம், ஒவ்வொரு நாட்டுக்கும் எத்தனை இடங்கள் என்பவை ஆண்டுதோறும் வெளியாகும் அறிவிப்பில் இருக்கும். உங்கள் நாட்டின் பெயர் அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். கத்தோலிக்கப் பள்ளிகளின் வழியாக நடைபெறும் பேதா போன்ற தனியார் திட்டங்களும் இதே பாணியில் இயங்குகின்றன.

இரண்டு, ஸ்பெயினில் முதுகலைப் படிப்பு. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்கிறவர்களுக்கு உறுதியான வழி இதுவே என்பது என் கருத்து. பட்டம் பெற்ற நாட்டில் முதுகலைச் சேர்க்கைக்குத் தகுதி தரும் பட்டம் இருந்தால், அதை ஸ்பானியப் பட்டத்துக்கு நிகராக்கும் நடைமுறை முடியும்வரை காத்திராமல், பல்கலைக்கழகம் உங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். உயர்கல்வி மாணவராக இருக்கும்போது வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலை செய்யலாம். படிப்பை முடித்தபின் வேலை தேடுவதற்காக 24 மாதங்கள் வரை தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இருமொழிக் கல்வி அல்லது ஆங்கிலம் கற்பித்தல் சார்ந்த முதுகலையைத் தேர்ந்தால், செலவிடும் ஓராண்டு உங்கள் தொழில் தகுதியாகவும் மாறும்.

மூன்று, இணையவழியில் பிற நாட்டு மாணவர்களுக்குக் கற்பிப்பவர்களுக்கான வழி. 2022-ஆம் ஆண்டின் புத்தொழில் சட்டம் தொலைதூரப் பணியாளர்களுக்கென ஒரு விசாவை உருவாக்கியது. பட்டமோ மூன்றாண்டுத் தொழில் அனுபவமோ இருக்க வேண்டும். வருமானம் ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இருமடங்காக இருக்க வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்பவராயின், ஸ்பானிய வாடிக்கையாளர்களிடமிருந்து பெறும் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் 14 தவணைகளாக 1,184 யூரோ என்பதால், இந்த வருமான வரம்பு தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு எட்டாத உயரம். நிலையான மாணவர் வட்டம் உள்ளவர்களுக்கே இது பொருந்தும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் தொடர்பான புதிய ஒழுங்குமுறை 2025 மே 20 முதல் நடைமுறையில் உள்ளது. கல்விக்காகத் தங்குவோருக்கான பிரிவுகளும் விதிகளும் அதில் மாற்றி எழுதப்பட்டுள்ளன. சுற்றுலாப் பயணியாகச் சென்று அங்கேயே மொழிப் படிப்பில் சேர்ந்து அனுமதி பெற்றதாகச் சொல்பவர்களின் அனுபவம் பழைய விதிகளின்கீழ் நிகழ்ந்தது. அதை அப்படியே பின்பற்ற முயலாதீர்கள்.

இரண்டாம் படி: பட்டமும் பெயரும் ஆவணமாதல்

பட்டம் எதற்குத் தேவை என்பது பணியிடத்தைப் பொறுத்தது. அக்காதெமியா எனப்படும் தனியார் மொழிப் பயிற்சி நிலையங்களில் எந்தப் பாடத்தில் பெற்ற பட்டமும் போதும். பல இடங்களில் பட்டத்தைவிடக் கற்பித்தல் சான்றிதழுக்கே மதிப்பு அதிகம். முறையான பள்ளியில் முழுப்பொறுப்புள்ள ஆசிரியராக வேண்டுமென்றால் நிலைமை வேறு. தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர் கல்வியில் பட்டமும், மேல்நிலைப்பள்ளிக்குத் தொடர்புடைய பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சி முதுகலையும் வேண்டும். வெளிநாட்டில் பெற்ற பட்டத்தை ஒமொலொகாசியோன் என்ற நடைமுறையின்படி ஸ்பானியத் தகுதிக்கு நிகராக்க வேண்டும். 2022-இல் வந்த அரசாணை ஒன்று இந்த நடைமுறையை ஒழுங்குபடுத்துகிறது. ஆயினும் விண்ணப்பித்தவர்கள் நீண்ட காலம் காத்திருக்க நேர்வது வழக்கமாகவே உள்ளது. ஸ்பானிய இளங்கலைப் பட்டம் பெரும்பாலும் நான்கு ஆண்டு, 240 கிரெடிட் அளவுடையது. மூன்றாண்டு இந்தியப் பட்டத்தை அதனுடன் ஒப்பிடும்போது கூடுதல் பாடங்களோ தேர்வோ கேட்கப்படலாம். அரசுப் பள்ளிகளில் நிரந்தரப் பணி ஒபொசிசியோன் என்ற போட்டித் தேர்வு மூலமே கிடைக்கும். அதற்கு ஸ்பானிய அல்லது ஒன்றியக் குடியுரிமையோ, ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தினர் என்ற நிலையோ அடிப்படைத் தேவை. அரசு மொழிப் பள்ளிகளுக்கும் இதே முறைதான்.

பட்டச் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக அதற்கு அப்போஸ்டில் முத்திரை வேண்டும். இந்த முத்திரையை உறுப்பு நாடுகள் தமக்குள் ஏற்க வகைசெய்யும் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் நடைமுறை உறுப்பு நாடு. ஸ்பெயின், மெக்சிகோ, கொலம்பியா, சிலி, அர்ஜென்டினா, பெரு ஆகியவையும் உறுப்பு நாடுகளே. எனவே தூதரகத்தில் தனியாகச் சான்றொப்பம் பெற வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பட்டமாயின் முதலில் மாநில அரசின் கல்வி சார்ந்த சரிபார்ப்பும், அதன்பின் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் பெற வேண்டும். மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். பட்டத்தை மட்டும் முத்திரையிட்டு, ஆறு மாதம் கழித்து மதிப்பெண் பட்டியலுக்காக மீண்டும் அதே வரிசையில் நிற்பது வீண் அலைச்சல். மொழிபெயர்ப்பை ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் நியமித்த உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரிடமே செய்ய வேண்டும். அப்போஸ்டில் பக்கமும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பதால், முத்திரை பெற்ற பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள்.

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கு சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தோடு கி. மீனாட்சி என்றிருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயருடன் விரிந்து மீனாட்சி கிருஷ்ணன் என்றாகும். பல்கலைக்கழகச் சான்றிதழில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் போய் நிற்கும். நமக்கு இது இயல்பாகத் தெரிந்தாலும், ஒவ்வொருவருக்கும் தந்தை வழியில் ஒன்றும் தாய் வழியில் ஒன்றுமாக இரண்டு குடும்பப் பெயர்களைப் பதிவுசெய்யும் ஸ்பானிய அலுவலருக்கு இவை மூன்று வேறு மனிதர்களின் ஆவணங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே வெற்றாக இருந்தால், படிவம் நிரப்பும் முதல் வரியிலேயே தடை வரும்.

இதற்குத் தீர்வு உண்டு. ஆனால் அதை முன்கூட்டியே செய்ய வேண்டும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் வெற்றாக இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே கடவுச்சீட்டை மறுவெளியீடு செய்து பெயரைப் பிரித்துப் பதியுங்கள். எல்லா ஆவணங்களிலும் உள்ள பெயர் வடிவங்கள் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதிமொழி ஆவணம் தயாரித்து, அதற்கும் அப்போஸ்டிலும் மொழிபெயர்ப்பும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு பெறும் ஒவ்வொரு சான்றிதழிலும், கற்பித்தல் சான்றிதழும் மொழித்தேர்வு முடிவும் உட்பட, கடவுச்சீட்டில் உள்ள வடிவத்தையே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்களுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழும் இதே வரிசையில் சேரும்.

குற்றப்பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்றிதழ் எந்த வழியில் சென்றாலும் கேட்கப்படும். இந்தியாவில் இது கடவுச்சீட்டு அலுவலகம் மூலம் கிடைக்கிறது. அமெரிக்காவில் வசிப்பவர்கள் எஃப்பிஐ சான்றிதழும், கனடாவில் வசிப்பவர்கள் ஆர்சிஎம்பி சான்றிதழும் பெற வேண்டும். கடந்த ஐந்தாண்டுகளில் வேறு நாட்டில் வசித்திருந்தால் அந்நாட்டுச் சான்றிதழும் வேண்டும். பட்டத்தின் அப்போஸ்டிலுக்குக் காலாவதி இல்லை. காவல்துறைச் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் சில மாதங்களே செல்லும். ஆகவே பட்டத்தை ஓராண்டு முன்பே முடித்துவிட்டு, இவ்விரண்டையும் விசா நேர்காணலுக்கு அருகில் பெறுவதே சரியான வரிசை. இதனுடன், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எவரும் பாலியல் குற்றப் பதிவில் தம் பெயர் இல்லை என்ற சான்றிதழை ஸ்பெயினிலேயே பெற வேண்டும் என்று 2015 முதல் சட்டம் உள்ளது. நீதி அமைச்சகம் அதைக் கட்டணமின்றி வழங்குகிறது.

மூன்றாம் படி: கற்பித்தல் சான்றிதழைத் தேர்தல்

இப்போது சான்றிதழுக்கு வருவோம். சந்தையில் டெஃப்ல் என்ற பெயரில் விற்கப்படும் படிப்புகள் எண்ணற்றவை. டெஃப்ல் என்பது ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பித்தல் என்ற ஒரு துறையின் பெயரே அன்றி ஒரு சான்றிதழின் பெயர் அன்று. அதற்கு உலக அளவில் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பும் இல்லை. 120 மணி நேரம் என்று அச்சிட்ட இணையச் சான்றிதழை வார இறுதிக்குள் முடித்துவிடும் படிப்புகளும் அந்தப் பெயரில்தான் விற்கப்படுகின்றன.

மாறாக, வேலை அளிப்பவர்கள் பெயரைக் கேட்டதும் ஏற்றுக்கொள்பவை இரண்டு. ஒன்று கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா. மற்றொன்று லண்டன் டிரினிட்டி கல்லூரி வழங்கும் செர்ட்டெசால். இரண்டும் பிரித்தானியத் தகுதி அமைப்பில் ஐந்தாம் நிலையில் வைக்கப்பட்டவை. செல்டாவில் குறைந்தது 120 மணி நேர வகுப்பும், உண்மையான மாணவர்களுக்கு முன் ஆறு மணி நேரம் கற்பித்து மதிப்பிடப்படுவதும், அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளைக் கவனிப்பதும், நான்கு எழுத்துப் பணிகளும் உண்டு. முழுநேரமாகப் படித்தால் நான்கு அல்லது ஐந்து வாரங்களில் முடியும். அந்த வாரங்களில் வேறு எதற்கும் நேரம் இருக்காது. செர்ட்டெசாலில் தமக்குத் தெரியாத ஒரு புதிய மொழியைச் சில பாடங்கள் கற்று, தொடக்கநிலை மாணவரின் நிலையை ஆசிரியரே உணரும் பகுதி இருக்கிறது. பன்மொழிச் சூழலில் வளர்ந்த நமக்கு அது மிகவும் பொருத்தமான பயிற்சி என்று நினைக்கிறேன்.

இந்தச் சான்றிதழ் மரபுக்கு ஸ்பெயினோடு ஒரு பழைய உறவு உண்டு. ஜான் ஹேக்ராஃப்டும் அவர் மனைவி பிரிட்டாவும் 1953-இல் ஸ்பெயினின் கொர்தொபா நகரில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னர் லண்டன் சென்று, 1962-இல் ஆசிரியர்களுக்கான குறுகிய காலத் தீவிரப் பயிற்சியை அறிமுகப்படுத்தினார்கள். இன்றைய செல்டா அந்தப் பயிற்சியின் வழியில் வளர்ந்ததே. வகுப்பறையில் நின்று கற்பித்துப் பார்க்காமல் ஆசிரியராக முடியாது என்பது அன்றே அதன் மையக் கருத்தாக இருந்தது. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், என்னைக் கவனித்து மதிப்பிடும் கற்பித்தல் பயிற்சி எத்தனை மணி நேரம் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். பூஜ்யம் என்று பதில் வந்தால், அது வாசிப்புப் படிப்பு மட்டுமே.

செல்டாவில் சேரக் குறைந்தது 18 வயதும், உயர்கல்விக்குத் தகுதி தரும் பள்ளிப் படிப்பும், ஐரோப்பிய மொழித் தரநிலையின் ஆறு நிலைகளில் மேல் இரண்டான சி1 அல்லது சி2 அளவு ஆங்கிலமும் வேண்டும். சேர்க்கைக்கு முன் இலக்கணம் சார்ந்த எழுத்துப் பணியும் நேர்காணலும் நடைபெறும். மாட்ரிட், பார்செலோனா நகரங்களில் இந்தப் படிப்பை நடத்தும் மையங்கள் இருக்கின்றன. அங்கே படிப்பதில் ஒரு நன்மை, பயிற்சி வகுப்பின் மாணவர்களே ஸ்பானியர்களாக இருப்பது. வேலை தேடும் ஊரிலேயே தொடர்புகள் கிடைப்பதும் உண்டு. நான்கு வாரப் படிப்பு வேலை அனுமதி தராது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

செல்டா பெரும்பாலும் பெரியவர்களுக்குக் கற்பிப்பதை நோக்கியது. ஸ்பானிய அக்காதெமியாக்களிலோ மாலை ஐந்து மணிக்குப் பிறகு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர்களாகவே இருப்பதைக் காணலாம். அதனால் சிறார்களுக்குக் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜின் டிகேடி (கற்பித்தல் அறிவுத் தேர்வு) பகுதி போன்ற கூடுதல் தகுதியோ, பள்ளியில் பணியாற்றிய அனுபவச் சான்றோ உங்கள் விண்ணப்பத்தை உயர்த்தும். இந்தியாவில் பி.எட். முடித்துப் பள்ளியில் கற்பித்தவர்கள் அந்த அனுபவத்தைக் குறைத்து எழுதக் கூடாது. நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பை நடத்திய கையிருப்பு, செல்டா மட்டும் உள்ள புதியவரிடம் இல்லாதது.

நான்காம் படி: உங்கள் ஆங்கிலத்துக்குச் சான்று

ஸ்பானிய வேலை விளம்பரங்களில் நதீவோ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். தாய்மொழியாகப் பேசுபவர் என்று பொருள். இது நியாயமற்ற அளவுகோல் என்பதில் எனக்கு ஐயமில்லை. டெசால் என்ற பன்னாட்டு ஆசிரியர் அமைப்பும், தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியர்களைப் பாகுபடுத்துவதை எதிர்த்து 2006-இல் நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. ஆயினும் வழக்கம் முற்றிலும் மாறவில்லை என்பதால் அதற்கேற்ற ஆயத்தம் தேவை. கேம்பிரிட்ஜின் சி2 புரொஃபிஷியன்சி சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. ஐஇஎல்டிஎஸ் முடிவு இரண்டு ஆண்டுகள் மட்டுமே ஏற்கப்படும். நீண்ட காலத் தொழிலாக எண்ணுபவர்கள் முன்னதையே தேர்வது நல்லது. விண்ணப்பத்துடன் மூன்று நிமிடக் கற்பித்தல் காணொலி ஒன்றை இணைத்தால், உச்சரிப்பு குறித்த முன்முடிவுகளை நேர்காணலுக்கு முன்பே அகற்ற முடியும்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவருக்கு உண்மையிலேயே ஒரு வலிமை உண்டு. தமிழ் தெரிந்தவருக்கு ஸ்பானிய மாணவரின் தவறுகள் சில அந்நியமாகத் தோன்றாது. ஸ்பானியத்தில் சகரத்தோடு மெய் சேர்ந்து சொல் தொடங்காது. அதனால் அவர்கள் ஸ்கூல் என்பதை எஸ்கூல் என்பார்கள். நம் ஊரில் இஸ்கூல் என்று சொல்வதும் அதே காரணத்தால்தான். வந்தேன் என்ற வினைமுற்றிலேயே நான் என்ற எழுவாய் அடங்கிவிடுவதுபோல் ஸ்பானிய வினைமுற்றிலும் அடங்கிவிடுகிறது. ஆகவே இட் என்ற எழுவாயை விட்டுவிட்டு இஸ் ரெயினிங் என்று அவர்கள் எழுதும்போது, ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்பதை விளக்கம் கேளாமலே நாம் உணரலாம். உயிரொலி நீளத்தில் மட்டும் நிலைமை மாறுகிறது. விடு, வீடு என்ற வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே வந்தது. ஸ்பானியத்தில் ஐந்தே உயிரொலிகள், குறில் நெடில் வேறுபாடும் இல்லை. ஷிப் என்பதையும் ஷீப் என்பதையும் பிரித்துக் காட்டும் பயிற்சிக்கு நிறைய நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

நேர்காணலில் இத்தகைய அறிவு உடனே வெளிப்படும். வயதைச் சொல்ல ஐ ஹேவ் ட்வென்டி இயர்ஸ் என்று மாணவர் ஏன் சொல்கிறார், ஆங்கில எம்பாரஸ்ட் போலவே ஒலிக்கும் எம்பராசாதா என்ற ஸ்பானியச் சொல் கர்ப்பிணியைக் குறிக்குமே தவிர வெட்கப்படுபவரை அல்ல என்பதால் என்ன குழப்பம் வருகிறது, ஸ்பெயின் மாணவர்கள் இன்று காலை நடந்ததற்கு ஏன் ஹேவ் வடிவத்தையே நாடுகிறார்கள், லத்தீன் அமெரிக்க மாணவர்கள் ஏன் பெரும்பாலும் எளிய இறந்த காலத்திலேயே நிற்கிறார்கள் போன்ற கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்தவர், வகுப்பில் எங்கே நின்று விளக்க வேண்டும் என்று அறிந்தவர் ஆவார். இதற்காகவே அடிப்படை ஸ்பானியமாவது கற்றுச் செல்லுங்கள். புது தில்லியில் உள்ள செர்வாந்தெஸ் நிறுவனத்தின் வகுப்புகள் நல்ல தொடக்கம். அதோடு, ஸ்பானிய மாணவர்கள் பலர் பி2 நிலைச் சான்றிதழுக்காகவே பயிற்சி நிலையம் வருவதால், கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட், டிரினிட்டி, ஆப்டிஸ் தேர்வுகளின் அமைப்பை அறிந்திருப்பது தனித் தகுதியாகவே கருதப்படும்.

ஐந்தாம் படி: மெக்சிகோ, கொலம்பியா, சிலி எனில்

மெக்சிகோவில் வேலை அளிக்கும் நிறுவனம் முதலில் குடியேற்ற நிறுவனத்தில் வேலை அளிப்பவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். உங்களுக்கான அனுமதியை அவர்கள் அங்கே கோர வேண்டும். அது ஏற்கப்பட்டதும் ஓர் எண் கிடைக்கும். அதைக் கொண்டு நீங்கள் உங்கள் நாட்டிலுள்ள மெக்சிகோ தூதரகத்தில் நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். விசா 180 நாட்களுக்குள் ஒருமுறை நுழைவதற்கானது. நுழைந்த 30 நாட்களுக்குள் தற்காலிக வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்கள் மெக்சிகோவுக்குள் பார்வையாளராக நுழையலாம் என்றாலும், பார்வையாளருக்கு ஊதியம் பெறும் உரிமை கிடையாது. முதலில் வாருங்கள், அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வேலை அளிப்பவரை அங்கேயே மறுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தில், டிசம்பர் 20-க்குள் தர வேண்டிய குறைந்தது 15 நாள் ஊதிய அளவிலான ஆண்டு இறுதிக் கொடை பற்றியும் சமூகக் காப்பீட்டுப் பதிவு பற்றியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மணிநேர ஊதியம் தரும் பயிற்சி நிலையங்கள் சான்றிதழோடு திருப்தி அடையும். பல்கலைக்கழகங்களும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் அப்போஸ்டில் பெற்ற பட்டத்தையே கேட்கும்.

கொலம்பியாவில் வேலை ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு எம் (M) வகை விசா உண்டு. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட விசாவுடன் நுழைந்தவர் 15 நாட்களுக்குள் பதிவு செய்து வெளிநாட்டவர் அடையாள அட்டை பெற வேண்டும். தவறினால் அபராதம் விதிக்கப்படும். பல்கலைக்கழகப் பணிக்குப் பட்டத்தைக் கல்வி அமைச்சகம் வழியாக நிகராக்கக் கேட்கலாம். சிலியில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், சுற்றுலாவாக வந்தவர் உள்ளேயிருந்தே வதிவிட அனுமதிக்கு மாறும் பழைய வழக்கத்தைப் பொதுவாக நிறுத்திவிட்டது. எனவே விசாவை வெளியிலிருந்தே பெற்றுச் செல்ல வேண்டும்.

ஆறாம் படி: காலக்கணக்கும் இறங்கிய பின் செய்ய வேண்டியவையும்

ஸ்பெயினில் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடியும். தனியார் நிலையங்கள் மே, ஜூன் மாதங்களிலும், மீண்டும் செப்டம்பரிலும் ஆள் எடுக்கின்றன. உதவியாளர் திட்டத்துக்கான விண்ணப்பம் ஆண்டின் தொடக்க மாதங்களில் திறக்கும். இதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், முந்தைய ஆண்டின் செப்டம்பரிலேயே பெயர்த் திருத்தமும் பட்டத்தின் அப்போஸ்டிலும் தொடங்கியிருக்க வேண்டும். நிலையங்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் கல்வியாண்டுக்கு மட்டுமே. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊதியம் இருக்காது என்று எண்ணியே வரவு செலவைத் திட்டமிடுங்கள். உதவியாளர் திட்டத்தில் முதல் உதவித்தொகை தாமதமாவதும் உண்டு என்பதால், இரண்டு மூன்று மாத வாடகைக்கும் உணவுக்கும் உரிய சேமிப்போடு செல்வது கட்டாயம்.

இறங்கியதும் முதல் வேலை, தங்கும் முகவரியை நகராட்சியின் பத்ரோன் பதிவேட்டில் சேர்ப்பது. வீட்டு வாடகை ஒப்பந்தமோ வீட்டு உரிமையாளரின் ஒப்புதலோ இதற்கு வேண்டும். முகவரிப் பதிவுக்கு இசையாத வீட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட தங்கல் எனில், நுழைந்த ஒரு மாதத்துக்குள் தியே எனப்படும் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாட்ரிடிலும் பார்செலோனாவிலும் இதற்கான முன்பதிவு நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், விமானச் சீட்டு உறுதியானவுடனேயே முன்பதிவுத் தளத்தைத் தினமும் பார்க்கத் தொடங்குங்கள். அட்டை கைக்கு வந்ததும் வங்கிக் கணக்கும், வேலை ஒப்பந்தம் எனில் சமூகப் பாதுகாப்பு எண்ணும் பெறலாம். முதல் வகுப்புக்குப் போவதற்கு முன் பாலியல் குற்றப் பதிவுச் சான்றிதழை நிர்வாகத்திடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.